வைகாசி முதல் தேதி லீவு

"சிஸ்டர், அம்மாவைப் பார்த்துக்க நல்ல ஆளா ஒருத்தர் சொல்லுங்க." வேலூரில் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, யூரின் டியூப் மாற்றிப் பதினாறு வருடம் ஆகிறது. இதைக் கேட்காத வாரமே இல்லை. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கிய ஊர் இது. தெருவுக்கு ஒரு நர்ஸ் இருப்பார். ஆனாலும் வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சத்துவாச்சாரியில் ஒரு வீடு. அம்மாவுக்கு 82 வயது. பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்து பேச்சும் போய்விட்டது. மகள் டீச்சர், காலையிலேயே கிளம்பிவிடுவார். மகன் பெங்களூரில். ஏஜென்சி மூலம் குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா வந்தார்.

எத்தனை வருட அனுபவம் என்று நான் யாரையும் கேட்பதில்லை. கையைத்தான் பார்ப்பேன். அவருக்கு நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கண்ணாடி வளையலைக் கழற்றி ஜன்னல் மேல் வைத்திருந்தார். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, வளையல் உரசினாலே கிழிந்துவிடும். "அம்மா, இந்தப் பக்கம் திருப்பப் போறேன்" என்றார். அம்மா கண்ணை மூடித் திறந்த பிறகுதான் தொட்டார். பழைய புடவையை மடித்து முதுகுக்கு ஒன்று, குதிகால் படுக்கையில் படாதபடி கணுக்காலுக்கு அடியில் ஒன்று வைத்தார். அப்புறம் நிமிர்த்தி உட்காரவைத்து, வாயின் நல்ல பக்கமாகக் கஞ்சி கொடுத்தார். தொண்டை ஏறி இறங்கும்வரை அடுத்த ஸ்பூனை எடுக்கவில்லை. எனக்கு மனது நிறைந்துவிட்டது.

ஐந்தாவது மாதம் அவர் போய்விட்டார். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. இரண்டு நாள் லீவு கேட்டார், இல்லை என்றுவிட்டார்கள். லீவு மட்டும் காரணமில்லை. ராத்திரி நாலைந்து முறை எழ வேண்டும், பகலில் சமையலும் பாத்திரமும் அவர் தலையில். வீட்டார் ஏஜென்சிக்கு மாதம் கட்டியது 22,000 ரூபாய், அவர் கைக்கு வந்தது 14,000. வீட்டார் கெட்டவர்கள் இல்லை. அம்மாவை யாரிடம் விடுவது என்ற பயத்தில் லீவு என்றாலே மறுத்தார்கள்.

அடுத்து இரண்டு பேர் வந்து போனார்கள். ஒரு மதியம் கரண்ட் போய், படுக்கைப் புண் வராமல் இருக்கப் போட்டிருந்த ஏர் பெட்டில் காற்று இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவதும் தவறிக்கொண்டே வந்தது. அம்மாவின் வால் எலும்புப் பக்கம் சிவந்து, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண்ணாகிவிட்டது. ஆறு வாரம் கட்டு மாற்றினேன். ஒரு நாள் மகள் அழுதார். "நல்ல ஆளே கிடைக்கலையே சிஸ்டர்."

"கிடைச்சாங்க மேடம். விட்டுட்டோம்."

சொன்ன பிறகு, கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று மனது உறுத்தியது. ஆனால் அன்று சாயங்காலமே மகள் அந்தக் குடியாத்தம் அக்காவுக்குப் போன் செய்தார். "வாங்கக்கா" என்று கூப்பிட்டார். அதுவரை "வா, போ"தான். அந்த அக்கா அதற்குள் ஏஜென்சியை விட்டிருந்தார். என்னையும் உட்காரவைத்துப் பேசினார்கள். சமையலுக்கும் பாத்திரத்துக்கும் வேறு ஆள். ராத்திரி பத்திலிருந்து மூன்று வரை மகள் எழுந்து பார்ப்பார். மாதம் 18,000 ரூபாய், 5-ஆம் தேதிக்குள் நேராக அவர் கையில். எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி பிரிட்ஜில் ஒட்டினார்கள். கடைசி வரியை அக்காவே பேனா வாங்கி எழுதினார்: வைகாசி 1, 2 லீவு.

மறுவருடம் அந்த இரண்டு நாளுக்கு லீவு போட்டு மகன் முந்தின நாளே காட்பாடியில் வந்து இறங்கினார். அன்று நானும் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். எப்படித் திருப்ப வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மகன் அவசரமாக அம்மாவின் தோளைப் பிடித்தார்.

"சொல்லிட்டுத் தொடுங்க தம்பி."

அவர் கையை எடுத்துவிட்டு, குனிந்து, "அம்மா, திருப்பப் போறேம்மா" என்றார். அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடித் திறந்தார்.