அக்காவுக்கு அடித்த டிசைன் எந்தக் கணினியில் திறக்கும்?

சிவகாசியில் அச்சு வேலைக்கு டிசைன் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் என்னுடையது. 14 வருடமாக நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டர், பள்ளி ஆண்டு மலர், பட்டாசுப் பெட்டி லேபிள், எது வந்தாலும் செய்வோம். 2025 ஜூன் மாதம் முக்கியமான கணினியை மாற்றியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. அதில் இருந்தது விண்டோஸ் 10. அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிகிறது என்று அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 ஏற்றலாம் என்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை.

எங்கள் ஊரில் ஆடி 18 அன்று புது காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்குப் பிறகு ஆர்டர் வர ஆரம்பித்தால் மார்கழி வரை தலை நிமிர நேரம் இருக்காது. அதனால் முடிவெடுக்க ஐந்தாறு வாரம்தான் கையில் இருந்தது.

சென்னையில் விளம்பர வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், "அத்தை, டிசைனுக்கு மேக்தான். யோசிக்கவே யோசிக்காதீங்க" என்றான். கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுக்கும் தோழி லினக்ஸுக்கு மாறச் சொன்னாள். வருடா வருடம் சந்தா கட்ட வேண்டாம், எல்லாம் இலவசம் என்பது அவள் கட்சி. வழக்கமாக எனக்கு அசெம்பிள் செய்து தருபவர் விண்டோஸைத் தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை. மூன்று பேருமே அக்கறையாகத்தான் சொன்னார்கள். ஆனால் யாரும் சிவகாசி காலண்டரில் ராகு காலத்தை ஏழு பாயின்ட் அளவுப் பொடி எழுத்தில் போட்டுப் பார்த்தவர்கள் இல்லை.

அதனால் கேட்பதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே அச்சாகிப் போன மூன்று வேலைகளை எடுத்தேன். ஒன்று 2019-இல் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் செய்த கல்யாணப் பத்திரிகை. இன்னொன்று தினசரி காலண்டரில் ஒரு மாதத்துத் தாள்கள். மூன்றாவது 64 பக்க ஆண்டு மலர். மூன்றையும் ஒவ்வொரு கணினியிலும் திறந்து, திருத்தி, பிடிஎஃப் எடுத்து, அச்சகம் வரை கொண்டுபோய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் லினக்ஸ். பழைய கணினியிலேயே உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டேன், காசு செலவில்லை. தமிழ் எழுத்துகள் அதில் தெரிந்த அழகை இங்கே சொல்லியே ஆக வேண்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்த எதுவும், இங்க்ஸ்கேப் என்ற இலவச டிசைன் மென்பொருளில் உடையவில்லை. கொம்பும் காலும் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸில், அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறமும் அச்சகத்துக்கான பிடிஎஃப்-எக்ஸ் கோப்பு வடிவமும் இருக்கின்றன. ஆண்டு மலர் மாதிரி வேலையை அதில் முடித்துவிடலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

சறுக்கியது காலண்டரில். அந்தத் தாளை இங்க்ஸ்கேப்பில் செய்து நேராக பிடிஎஃப் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இங்க்ஸ்கேப் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் வேலை செய்தது. திரையில் கறுப்பாகத் தெரிந்த எழுத்து, கலருக்கு ஒன்றாக அச்சுத் தகடு, அதாவது பிளேட், எடுக்கும்போது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்காகப் பிரிந்துவிட்டது. மெஷின்மேன் அண்ணன் அதை வேறொரு வேலையின் ஓரத்தில் சேர்த்து ஓட்டிக் கொடுத்தார். தாளை என் கையில் வைத்து, "ஏம்மா, இந்த எமகண்டத்தைப் பாரு, நிழல் விழுந்த மாதிரி இருக்கு" என்றார். நான்கு கலரும் முடியளவு விலகினாலே போதும், சின்ன எழுத்து மங்கிவிடும். கறுப்பு எழுத்து கறுப்பு பிளேட்டில் மட்டும் விழ வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஸ்கிரைபஸ் வழியாகப் போயிருந்தால் சரியாகியிருக்கும், அது தெரியும். ஆனால் ஒவ்வொரு தாளையும் இரண்டு மென்பொருளில் சுற்றவிட சீசனில் ஆளுக்கு எங்கே போவது?

பத்திரிகையோ திறந்த மாதிரியும் இருந்தது, திறக்காத மாதிரியும் இருந்தது. கோரல் கோப்பை இங்க்ஸ்கேப் ஓரளவு படித்தது. மயில் வந்தது, தோரணம் வந்தது. உள்ளே இருந்த நிழலும், ஒரு வடிவத்துக்குள் படத்தை அடக்கும் பவர்கிளிப்பும் வரவில்லை.

அப்புறம் மேக். அண்ணன் மகன் தன் மேக்புக் ப்ரோவைப் பத்து நாள் விட்டுப்போனான். திரை கண்ணைப் பறித்தது. தமிழுக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2005-இல் வந்த டைகர் பதிப்பிலிருந்தே முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு மேக்கோடு சேர்ந்தே வருகிறது. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஆண்டு மலர் பிசிறில்லாமல் ஓடியது. 64 பக்கத்துக்கும் பிடிஎஃப் எடுக்க என் பழைய கணினி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இது நாலைந்து தடவை எடுத்துவிடும். விலையும் நான் பயந்த அளவுக்கு இல்லை. 16 ஜிபி ரேமும் 256 ஜிபி சேமிப்பும் உள்ள எம்4 மேக் மினி 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. ஐந்தாறு நாள் நான் மனதளவில் மேக் வாங்கியே விட்டேன்.

ஏழாவது நாள் அந்தக் கல்யாணப் பத்திரிகையைத் திறந்தேன். கோரல்டிரா 2019-இல் மீண்டும் மேக்குக்கு வந்ததால் கோப்பு திறப்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் என் எழுத்துருக்களில். யூனிகோடு பழகுவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் வேலை செய்தோம். பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, கணினியின் கணக்கில் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருக்கும்வரை தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். பாமினியாவது பரவாயில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய அலங்கார எழுத்துருக்கள் பல, விண்டோஸின் குறியீட்டு அட்டவணையை மட்டும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மேக்கில் அவற்றின் சில எழுத்துகள் இடம் மாறின, சில வரவே இல்லை. மணமகள் பெயரில் 'னு' இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்ய நான் பழகிய என்எச்எம் ரைட்டரும் விண்டோஸில் மட்டுமே ஓடுவது.

எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டுப் படமாக, மாற்றிவிட்டால் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். அச்சகத்துக்கு அனுப்ப அது சரி. பிடிஎஃப் ஆகிவிட்ட பிறகு அது எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று பிளேட் போடுகிறவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஆனால் எங்கள் வேலை அச்சோடு முடிவதில்லை. நான்கு வருடம் கழித்து அதே வீட்டிலிருந்து தங்கைக்குக் கல்யாணம் என்று வருவார்கள். "அக்காவுக்கு அடிச்ச அதே டிசைன், அதே எழுத்து, பேரும் தேதியும் மட்டும் மாத்திக் கொடுங்க" என்பார்கள். கர்வ்ஸில் பெயர் மாற்ற முடியாது. என் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி இப்படித் திரும்பி வரும் வேலைகள். என்னிடம் உள்ள 2,000 சொச்சம் கோப்புகளும் என் சொத்து என்று அந்த இரவுதான் புரிந்தது. கணினியின் வேகத்தையும் திரையையும் பார்த்துக்கொண்டு, அந்தக் கோப்புகள் எங்கே உயிரோடு இருக்கும் என்பதைக் கடைசியாகக் கேட்டிருக்கிறேன். முதலில் கேட்டிருக்க வேண்டியது அது.

மேக்கின் திரை இன்னொன்றும் கற்றுக்கொடுத்தது. அதில் பார்த்து வைத்த குங்குமச் சிவப்பு, அச்சில் செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்தத் திரை காட்டும் சிவப்பு, சிஎம்ஒய்கே மையால் தொட முடியாத சிவப்பு. எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும், அளந்து சரிசெய்து அச்சகத்தின் நிறக் கணக்கான ப்ரொஃபைலோடு பார்க்காவிட்டால் ஏமாற்றும்.

ஜூலை மூன்றாம் வாரம் விண்டோஸே வாங்கினேன். ரைசன் 7, 32 ஜிபி ரேம், 1 டிபி சேமிப்பு, மொத்தம் 62,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. தனியாக ஒரு ஐபிஎஸ் மானிட்டர், நிறம் அளக்கும் கருவி ஒன்று. கருவி வாங்க மனது தயங்கத்தான் செய்தது. இப்போது அதில்லாமல் ஒரு சிவப்பையும் நம்புவதில்லை. மூன்று வேலையும் புதுக் கணினியில் அப்படியே திறந்தன. 'னு' இருந்தது.

இதே கேள்வியோடு வருகிற இளம் டிசைனர்களிடம், என்னைப் பார்த்து விண்டோஸ் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இன்று தொடங்குகிற ஒருவருக்குப் பழைய கோப்பு என்ற பாரம் இல்லை. யூனிகோடில் ஆரம்பித்தால் மேக்கும் சரி, லினக்ஸும் சரி, தமிழுக்கு நல்ல இடங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நான்தான் பத்து வருடத்துக்கு மேல் பிந்திவிட்டேன், அதில் எனக்கு வருத்தம் உண்டு. இந்த ஆடிக்குப் பிறகு எடுக்கும் புது வேலை எல்லாம் யூனிகோடில்தான் செய்கிறேன். காலண்டரின் திதி, நட்சத்திரம், நல்ல நேரம் எல்லாம் எக்செலிலிருந்து நேராகத் தாளில் போய் உட்கார்வதைப் பார்க்கும்போது அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது. பத்திரிகைக்கு ஏற்ற அலங்கார எழுத்துருக்கள் யூனிகோடில் இன்னும் நிறைய வர வேண்டும். வந்தால் காசு கொடுத்து வாங்க நான் தயார்.

மூலையில் 2012-ஆம் வருடத்துக் கணினி ஒன்று இன்னும் இருக்கிறது. பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கரும், டாங்கிள் என்ற சாவி மாதிரிக் கருவியைச் செருகினால்தான் திறக்கும் பழைய தமிழ் மென்பொருள் ஒன்றும் அதில் உள்ளன. அந்த டாங்கிளின் டிரைவர் 32 பிட், விண்டோஸ் 11-இல் போகாது. அதனால் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்படியே வைத்திருக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கே உட்கார்ந்து நாலு கோப்பு, ஐந்து கோப்பு என்று திறந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். க்ஷ, ஸ்ரீ வரும் இடங்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டியிருக்கிறது. நேற்றோடு 340 ஆயிற்று.