பறைக்குப் பணம் வந்தது, வாத்தியார் சம்பளத்துக்கு வரவில்லை

என் பிள்ளைகள் இரண்டு பேரும் மும்பை தாராவியில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள். 2024 ஜூனில் பள்ளி திறந்தபோது ஓவிய டீச்சர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஓவிய பீரியடில் கணக்கு நடந்தது. மகாராஷ்டிராவில் எலிமெண்டரி, இன்டர்மீடியட் என்று அரசு ஓவியத் தேர்வுகள் உண்டு. தேறினால் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் போனது.

பெற்றோர் கூட்டத்தில் நான்தான் வாயைத் திறந்தேன். ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கு ஒரு பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது என்றேன். தலைமையாசிரியை மறுக்கவில்லை. "சட்டம் இருக்கும்மா. சம்பளத்தை யாரு குடுப்பா? நீங்க சேர்த்துக் குடுத்தா நாளைக்கே ஆளை வைக்கேன்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சயானில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். அது போதுமாக இருந்தது, என்னிடம் தள்ளிவிட.

கணக்குப் போட்டோம். ஓவிய டீச்சருக்கு மாதம் 8,000. ஓவியத்தோடு பறையும் சேர்த்துக்கொண்டோம். அதைச் சொல்லித்தர எங்கள் ஏரியாவிலேயே ஒரு மாஸ்டர் இருந்தார், வாரம் இரண்டு நாள், மாதம் 12,000. இருபது பறை, ஒன்று 3,500 வீதம் 70,000. வண்ணம், தாள், தேர்வுக் கட்டணம் 30,000. ஆகஸ்டில் தொடங்கி மார்ச் வரை எட்டு மாதம் என்று வைத்தாலும் 2,60,000 ஆனது.

முதல் வேலையே தப்பாகச் செய்தேன். அவசரத்தில் என் சொந்த யூபிஐ க்யூஆரைப் போட்டு வாட்ஸப்பில் விட்டுவிட்டேன். இரண்டே நாளில் பதினொரு பேர் 9,500 ரூபாய் போட்டார்கள். பெருமையாக முதலாளியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது யார் வருமானம்னு நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுவே?" என்றார். ஊர்க்காசு டிரஸ்ட் கணக்கில்தான் விழவேண்டும், ரசீதும் டிரஸ்ட் பெயரில்தான். பதினொரு பேருக்கும் திருப்பி அனுப்பிவிட்டு, டிரஸ்ட் கணக்குக்குப் போடச் சொன்னேன். ஏழு பேர் போட்டார்கள். நாலு பேர் இன்னும் 'போடுறேன் அக்கா'வில்தான் இருக்கிறார்கள்.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு 80ஜி பற்றி, அதாவது நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் சட்டப்பிரிவு பற்றி, ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் வசூலித்த 2024-25இல் இருந்த விதி இது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கு வரிவிலக்கு கிடையாது. வெறும் ரசீதும் போதாது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று டிரஸ்ட் மே 31க்குள் வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தைத் தாக்கல் செய்து, அதன்பின் கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் கொடுக்கவேண்டும். அதற்குக் கொடுத்தவரின் பான் எண்ணோ ஆதார் எண்ணோ வேண்டும். பான் எண் கேட்டாலே பாதிப்பேர் சொத்தை எழுதி வாங்குகிற மாதிரி முழிக்கிறார்கள். இத்தனையும் செய்தபிறகு ஐடியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, "அக்கா, நான் புது வரிமுறையில இருக்கேன், எனக்கு 80ஜியே கிடையாது" என்றான். வாஸ்தவம்தான். வரி மிச்சமாகும் என்று ஆசை காட்டிக் கேட்பதை அன்றோடு விட்டேன்.

வெளிநாட்டிலிருந்தும் கேட்டார்கள். துபாயில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் இந்திய பாஸ்போர்ட்காரர், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக 25,000 அனுப்பினார். சிக்கலில்லை. அவரோடு படித்தவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். அவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் டிரஸ்ட் ஒரு ரூபாய்கூட வாங்கமுடியாது. "நான் தாராவியில பொறந்தவன் அக்கா" என்றார் போனில். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

பறைக்குப் பணம் எட்டே நாளில் சேர்ந்தது. 'ஒரு பறை 3,500, உங்கள் பெயரில்' என்று போட்டோம், பதினேழு பேர் இருபது பறையையும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் கோபப்பட்டார், நாங்கள் ஃபைபர் முகம் வைத்த பறை வாங்கினோம் என்று. "பிளாஸ்டிக்குக்கா காசு குடுத்தேன்?" தோல் பறையை நெருப்பில் காய்ச்சினால்தான் சத்தம் கணீரென்று ஏறும். மும்பை மழையில் ஜூலை, ஆகஸ்டில் அது அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். பள்ளி வளாகத்தில் தீ மூட்ட யார் விடுவார்கள்? மாஸ்டருக்கும் தோல்தான் இஷ்டம், தன்னுடையதை வீட்டில் காய்ச்சி எடுத்துக்கொண்டு வருவார். பிள்ளைகளுக்கு ஃபைபர்.

அதைவிடப் பெரிய பேச்சு வேறு. வசதியான ஒருவர், "பரதநாட்டியம்னா மொத்தச் செலவும் என்னுது. இந்தச் சாவு மேளம் எதுக்கு?" என்றார். சில பெற்றோரும் அப்படித்தான் முணுமுணுத்தார்கள். தமிழ் டீச்சர் கடிதம் எழுதினார், தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருளில் பறையைச் சேர்த்திருக்கிறது என்று. அது எவ்வளவு வேலை செய்ததோ தெரியாது. வகுப்பில் சேர்ந்த முதல் ஆறு பேர் பெண் பிள்ளைகள், அவர்களை ஆடவிட்டுப் பார்த்தபின் முணுமுணுப்பு குறைந்தது. 2025 ஜனவரியில் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தச் செய்தியை, ஒரு வார்த்தைகூட எழுதாமல், எனக்கு அனுப்பிவைத்தார் அந்த வசதியானவர். காசு மட்டும் வரவில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். பறைக்குப் போட்டிபோட்டவர்களிடம் "மாஸ்டருக்கு ஒரு மாசச் சம்பளம்?" என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். பறையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைக்கலாம், சம்பளத்தை என்ன செய்வது! ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவிலும், அதாவது சமூகப் பணிக்குப் பணம் ஒதுக்கும் பிரிவிலும், இதே கதை. அந்தப் பணம் வாங்க டிரஸ்டுக்கு வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவு எண், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை எல்லாம் கொடுத்து மூன்று முறை போனேன். கலை, பண்பாடு, கல்வி எல்லாமே கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது, தடையில்லை. ஆனால் "சம்பளம் வேண்டாம் மேடம், பொருளா வாங்கித் தர்றோம்" என்றார்கள். வண்ணப்பெட்டிகள் வந்தன, பெட்டிக்குப் பெட்டி அவர்கள் லோகோ ஒட்டி. இரண்டு வருடத்துக்குத் தீராது.

கடைசியில் கைகொடுத்தது காலண்டர். பிள்ளைகளின் பன்னிரண்டு ஓவியம், பன்னிரண்டு மாதம், அடியில் கடைப்பெயர். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகிவிடும். நான் போன் போட்டது அக்டோபரில். அச்சக அண்ணன் சிரித்தார், ஆனாலும் ஆயிரம் பிரதி ஒத்துக்கொண்டார். லாரிக்கூலி உட்பட 42,000.

நைன்டி ஃபீட் ரோட்டில் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் மாதிரியைக் காட்டினேன். "சாமி படம் இல்லாத காலண்டரை யாரும்மா மாட்டுவா?" என்றார். பக்கத்து பாய் கடையில் சாமி படம் வேண்டாம் என்றார்கள். கும்பார்வாடா மண்பானை, மழைத்தண்ணீர் நிற்கும் சந்து, பொங்கலன்று வரிசையாக அடுப்பு என்று தாராவியாகவே இருந்த படங்களில், ஜூனுக்கு ஒரு பிள்ளை தானாகவே திருச்செந்தூர்க் கடலையும் கோபுரத்தையும் வரைந்திருந்தாள். அண்ணாச்சிக்கு அதைக் காட்டினேன், பாய் கடையில் அதைப் புரட்டிவிட்டுப் பானையைக் காட்டினேன். ஆனாலும் விற்றுக்கொடுத்தது படம் இல்லை, ராகுகாலம். ஊர்க் காலண்டரில் திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் என்று இருக்கும். அது ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்த கணக்கு. ஜனவரியில் மும்பையில் ஏழுக்கு மேல்தான் விடிகிறது, ராகுகாலம் எட்டரைக்குமேல்தான் பிறக்கும். எங்கள் பழைய கணக்கு சார் உட்கார்ந்து மாதாமாதம் மும்பை நேரத்துக்குப் போட்டுக்கொடுத்தார். "அப்போ இத்தன வருஷமா தப்பு நேரத்துலயா கடை தொறந்தேன்?" என்று அண்ணாச்சி நூறு எடுத்தார். ஏழு கடைகள், நூறு நூறு, ஒன்று 70 ரூபாய். வீடுகளுக்கு 100 ரூபாயில் 260 போயிற்று. செலவு போக 33,000. கடைக்காரர்கள் தந்தது விளம்பரத்துக்கு, நன்கொடை இல்லை. அதற்கு 80ஜி ரசீது கிடையாது, கணக்கும் தனி என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். மிச்சம் நாற்பது காலண்டர் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

பொங்கலுக்கு அம்மாக்கள் சேர்ந்து முறுக்கும் அதிரசமும் போட்டதில் 11,400. பெரிய தொகை வந்தது நான் நம்பாத இடத்திலிருந்து: மாதம் 500 என்று இருபத்திரண்டு பேர். அதிகமும் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தையல்காரர்கள், இட்லிக் கடைக்காரர்கள். எட்டு மாதத்துக்கு 88,000 வரவேண்டும், 79,500 வந்தது. ஐந்தாம் தேதி ஆனால் நான் ஃபைனான்ஸ்காரி மாதிரி ஞாபகப்படுத்துவேன். பறை வாங்கித்தந்த பதினேழு பேரில் இந்தக் குழுவில் சேர்ந்தது இரண்டே பேர்.

சம்பளத்துக்கு வேண்டியது 1,60,000. துபாய்க்காரருடையதும் சேர்த்துக் கையில் வந்தது 1,48,900. ஓவிய டீச்சருக்கு முழுதும் கொடுத்தோம். மாஸ்டருக்கு மார்ச் மாதச் சம்பளத்தில் 900 ரூபாய்தான் மிஞ்சியது, அதையும் ஆண்டு விழா முடிந்த இரவில் கவரில் போட்டுக் கொடுத்தோம். எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாக்கி 11,100-ஐ மே கடைசியில்தான், 10பிடி தாக்கல் செய்த அதே வாரம், கொடுத்து முடித்தேன். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த வருஷம் இருபது பறை பத்தாதுக்கா, முப்பத்தஞ்சு புள்ளைங்க பேர் குடுத்திருக்கு" என்றார். பறைக்கு ஆள் கிடைப்பார்கள் மாஸ்டர் என்றேன்.