மேஜிக் பாக்கெட்டும் அப்பாவின் ராத்திரி ரோந்தும்

நான் கீழே ஹாலில். வேண்டிய ஃபைல் எல்லாம் மாடி அறைக் கம்ப்யூட்டரில். நடுவே 19 படி, என் முழங்கால். போன ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன், இனி கீழேயிருந்தே அதை எழுப்பிவிடுவது.

வேக் ஆன் லேன் என்று பெயர். கம்ப்யூட்டரை அணைத்தாலும் நெட்வொர்க் கார்டு மட்டும் அரைத் தூக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேஜிக் பாக்கெட் என்ற சின்னச் செய்தியை அனுப்ப வேண்டும். முதலில் எஃப்எஃப் என்ற குறி 6 பைட், அப்புறம் அந்தக் கார்டின் பெயர் மாதிரியான மேக் முகவரி 16 தடவை, ஆக 102 பைட். தம்பியை அம்மா எழுப்புவதும் அட்சரம் பிசகாமல் இப்படித்தான். ஆறு "டேய்", அப்புறம் பெயர் சொல்லிப் பதினாறு. கம்ப்யூட்டர் அதிலேயே எழுந்துவிடும். அவனுக்குத் தண்ணீரும் வேண்டும்.

வைஃபையை நம்பமுடியாது என்று ஜன்னல் வழியாக லேன் கேபிள் இழுத்தேன். அரைமணியில் அதில் இரண்டு ஜாக்கெட் காய்ந்தன. கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயாஸில், கரண்டை மிச்சம் பிடிக்கும் இஆர்பியை அணைத்து, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்து, டிவைஸ் மேனேஜரில் டிக் போட்டு... ஒவ்வொன்றுக்கும் மாடி ஏறி இறங்கியதில் ஒரு மழைக்காலத்துக்கான படிகளை ஒரே நாளில் ஏறித் தீர்த்தேன். சாயங்காலம் போனில் பட்டனைத் தொட்டதும் மேலே ஃபேன் இரைந்தது. "மாடியில யாரு?" என்றாள் இவள். அந்தப் பெருமையில் இரண்டு தோசை கூடவே இறங்கியது.

திங்கட்கிழமை தொட்டேன். சத்தமில்லை. பதினாறு என்ன, நூற்றெட்டு தடவை தொட்டேன். ஏறிப் பார்த்தால் சுவர் சுவிட்சே அணைந்திருக்கிறது.

அப்பாவின் ராத்திரி ரோந்து. கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் அவருக்குத் தூக்கம் வராது. "பின்னாடி பச்சையா ஒரு லைட்டு மின்னிக்கிட்டே இருந்துச்சுடா, அதான்" என்றார்.

"அது எரியணும்ப்பா. 2 வாட்டுக்கு மேல போகாது. ரெண்டு மாசத்துக்கே மூணு யூனிட்டுதான்."

"மூணு யூனிட்டா!"

கணக்கைச் சொல்லியிருக்கக் கூடாது.

நேற்று ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே மேலே ஃபேன் இரைச்சல். நான் போனையே எடுக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி அப்பா ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார், தைல வாசனையோடு.

"நீ வர நேரமாச்சேன்னு போட்டுவிட்டேன்" என்றார்.