மெற்போமின் குளிசையும் முதுமையும்

யாழ்ப்பாணத்தில் அறுபது தாண்டியவர்களின் குளிசைப் பையைத் திறந்தால் அனேகமாக மெற்போமின் இருக்கும். சீனி வருத்தத்துக்கு அரசாங்க கிளினிக்கில் காசில்லாமல் கொடுக்கிற அந்தக் குளிசை முதுமையையே தள்ளிப்போடுமா என்று அமெரிக்காவில் நிர் பர்சிலாய் என்ற மருத்துவர் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 65 முதல் 79 வயது வரையான, நீரிழிவு இல்லாத 3000 பேரை ஆறு வருடம் கவனித்து, மாரடைப்பு, புற்றுநோய், மறதிநோய் எல்லாம் பிந்தி வருகிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். பணம் சேர்ப்பதிலேயே வருடங்கள் போய்விட்டன. காப்புரிமை முடிந்த மலிவு மருந்து, எந்தக் கம்பனிக்கு இதில் லாபம்? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஏனென்றால் இது எங்களுக்கு வேண்டிய ஆராய்ச்சி. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான். ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளை காசு அனுப்பலாம், படி ஏறும்போது கை பிடிக்க வர முடியாது. கிணற்றடிக்குத் தனியாகப் போய் வந்து, தன் சோற்றைத் தானே சமைத்து, நல்லூர்த் தேருக்கு நடந்து போகிற வருடங்கள் இன்னும் கொஞ்சம் கூடினால் அதுவே பெரிய விஷயம்.

நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு பக்டீரியாவில் கிடைத்த றபமைசின் என்ற வேறொரு மருந்தை, 600 நாள் வயதான, அதாவது மனிதக் கணக்கில் ஏறத்தாழ அறுபது வயதான எலிகளுக்குக் கொடுத்தபோதுகூட அவற்றின் ஆயுள் கூடியது என்று 2009இல் காட்டினார்கள். ஆனால் அது சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு நோயெதிர்ப்பைக் குறைக்கக் கொடுக்கிற மருந்து, விளையாட்டில்லை. முதிர்ந்த கலங்களைப் பழுதுபார்க்கிற பக்கம் இன்னும் ஆச்சரியம்: ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006இல் நான்கு மரபணுக்களால் முதிர்ந்த எலிக் கலத்தைக் கருநிலைக் கலம் போல மாற்றினார், 2020இல் அவற்றில் மூன்றை மட்டும் வைத்து எலியின் சேதமான பார்வை நரம்பை மீள வளர வைத்திருக்கிறார்கள். நான்கையும் உடம்புக்குள் அளவு மீறி இயக்கினால் கட்டி வரும், அதனால் மனிதருக்கு வர இன்னும் காலம் எடுக்கும்.

சரி, அப்படியென்றால் சீனி இல்லாதவர்களும் இப்போதே மெற்போமின் போடலாமா? வேண்டாம். எலிகளில் அது தனியாக ஆயுளைப் பெரிதாகக் கூட்டவில்லை. 2019இல் வந்த ஆய்வொன்றில், பாரம் தூக்கிப் பயிற்சி செய்த, 65 தாண்டிய ஆரோக்கியமானவர்களுக்கு இந்தக் குளிசை கொடுத்தபோது, கொடுக்காதவர்களைவிடத் தசை குறைவாகவே வளர்ந்தது. வயது போனவர்களுக்குத் தசைதான் நடை. வைத்தியர் உங்களுக்கு எழுதித் தந்திருந்தால் நிறுத்தாமல் போடுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.