இரண்டாயிரம் கதிர் ஏன் போதவில்லை? ஜப்பான் நூற்பாலைகளின் தொடக்கம்

ஜப்பானின் முதல் நவீன நூற்பாலை 1867-இல் ககோஷிமாவில் ஓடத் தொடங்கியது. தொழில் லாபம் பார்க்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

1880-ஐ ஒட்டி அன்றைய ஜப்பானிய மெய்ஜி அரசு தலா 2,000 கதிர் (நூலை முறுக்கிச் சுற்றும் சுழல்தண்டு) கொண்ட மியூல் என்னும் நூற்பு இயந்திரங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, வட்டியில்லாத் தவணையில் தனியாருக்குக் கொடுத்தது. நிலக்கரிச் செலவுக்குப் பயந்து பெரும்பாலான ஆலைகளை ஆற்றோரம் வைத்து நீர்விசையில் ஓட்டினார்கள். ஆற்றில் நீர் இறங்கினால் ஆலை நின்றுவிடும். சம்பளமும் தவணையும் நிற்காது. அவ்வளவு செலவையும் 2,000 கதிர் எப்படித் தாங்கும்?

தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சி முன்னின்று தொடங்கிய ஒசாகா நூற்பாலை, 1883-இல் 10,500 கதிர்களோடு நீராவியில் ஓடியது. அதன் பொறியாளர் யமனோபே தாகெஓ இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலையில் இறங்கி வேலை கற்றுத் திரும்பியவர். இரவு ஷிஃப்டும் சேர்ந்ததால் அதே கதிரில் ஏறக்குறைய இரட்டிப்பு நூல் கிடைத்தது. பஞ்சுத் தூசி பறக்கும் கூடத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எவ்வளவு ஆபத்து! 1886-இல் மின்விளக்கு வந்தது.

அடுத்த மாற்றம்தான் என் கணிப்பில் மிகப் பெரியது: மியூல் போய், வளையத்தை வைத்து நூற்கும் ரிங் இயந்திரம் வந்தது. மியூலில் கதிர்கள் பொருத்திய வண்டி வெளியே வரும்போது நூல் இழுபட்டு முறுக்கேறும், உள்ளே போகும்போது சுற்றப்படும். ரிங்கில் முறுக்கும் சுற்றலும் இடைவிடாமல் ஒன்றாக நடக்கும். வளையத்தின் மேல் ஓடும் டிராவலர் ஒரு சின்ன வளைந்த கம்பித் துண்டு. நூல்தான் அதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கதிரைவிட அது பின்தங்கும் அளவுக்கு நூல், கதிரில் செருகிய பாபின் என்னும் குழலில் சேரும். அந்த இழுப்பைக் குட்டை இழைப் பஞ்சு தாங்காது, அறுந்துகொண்டே இருக்கும். அறுந்தால் பாபினைக் கையால் நிறுத்தி, நுனியைத் தேடி, டிராவலருக்குள் கொடுத்து, முன் ரோலரிலிருந்து வரும் இழையோடு ஒட்ட வேண்டும். ஒருத்தி இத்தனை கதிர்தான் பார்க்க முடியும் என்பதை இந்த அறுப்புதான் தீர்மானிக்கிறது.

உள்நாட்டுப் பருத்தியும் சீனப் பருத்தியும் தடித்தவை, குட்டையானவை. ஆகவே இந்தியப் பஞ்சை வாங்கி, அமெரிக்கப் பஞ்சையும் அளவாகச் சேர்த்துக் கலந்தார்கள். 16, 20 கவுண்ட் (நூலின் நைஸ் அளவு; எண் கூடினால் நூல் மெல்லியது) நூலுக்கு அந்தக் கலப்பு ஈடுகொடுத்தது. ரிங்கிலேயே மலிவாக நூற்க முடிந்ததற்கு இந்தக் கலப்புத் திறமைதான் முக்கியக் காரணம். 1893-இல் டாடாவுடன் சேர்ந்து பம்பாய்க்குத் தனிக் கப்பல் தடம் திறந்ததும் பஞ்சு ஏற்றிவரும் கப்பல் கூலியைக் குறைக்கத்தான்.

1896-இல் பஞ்சு இறக்குமதி வரி நீங்கியது. மறு ஆண்டே நூல் ஏற்றுமதி இறக்குமதியைத் தாண்டியது. உள்நாட்டுப் பருத்தி விவசாயம்தான் அடிபட்டு, ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.