பலசரக்குக் கடையிலிருந்தே ஒரு நனிசைவச் சமையலறை

பால், தயிர், நெய், மீன், முட்டை எதுவும் இல்லாமல் சமைக்க விரும்புகிறவர்கள் பலர், முதல் வேலையாகப் பெரிய கடைகளில் பாதாம் பாலையும் டோஃபுவையும் தேடிப் போகிறார்கள். அவற்றின் விலையைப் பார்த்ததும், நனிசைவ (வீகன்) உணவு வசதி உள்ளவர்களுக்கே ஆகும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழ்கிறவர்கள் இப்படி நினைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தீயல் (வறுத்த தேங்காய் அரைத்த புளிக்குழம்பு), துவரன் (தேங்காய்ப் பொரியல்), எரிசேரி, ஓலன், காணத்துவையல் (கொள்ளுத் துவையல்), கஞ்சியும் பயறும் என்று நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சமைத்து வரும் பண்டங்களுக்குப் பாலும் வேண்டாம், நெய்யும் வேண்டாம். அவற்றுக்கான சரக்கு முழுவதும் நாகர்கோவிலின் கோட்டாற்றுப் பலசரக்குக் கடைகளிலும் வடசேரிச் சந்தையிலும் கிடைக்கிறது.

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை நான் பயறு வகைகளுக்கே ஒதுக்குகிறேன். சிறுபயறு, பெரும்பயறு (தட்டைப்பயறு), காணம், தோல் உளுந்து, துவரம்பருப்பு ஆகிய ஐந்தும் வீட்டில் இருந்தால் புரதத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். உலர்ந்த பயறுகளின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம்தான். இவற்றில் துவரம்பருப்பைக் கடையில் வாங்குவதற்கு முன் நியாயவிலைக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டும். அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசியோடு, சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு 1 கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. பெரும்பயறை முந்தின இரவே ஊறப்போட்டு, மறுநாள் தடியங்காயோடு (வெள்ளைப் பூசணி) வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றினால் ஓலன் ஆகிவிடுகிறது. காணத்தை வறுத்து, மிளகாய் வற்றலும் தேங்காயும் புளியும் சேர்த்து அரைத்தால், வேறு கறியே இல்லாத நாளிலும் கஞ்சிக்கு ஒரு துவையல் உண்டு. தோல் உளுந்தையும் அரிசியையும் பூண்டு, வெந்தயத்தோடு வேகவைக்கும் உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையலோடு சேரும்போது ஒரு வேளைக்குப் போதுமான முழு உணவாகிறது. பாலை விட்டவர்கள் சுண்ணாம்புச்சத்தைக் கருதியும் எள்ளையும் கேழ்வரகையும் கைவிடக் கூடாது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் அந்தச் சத்து இருக்கிறது.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் பர்மா அரிசியின் வரவு நின்றபோது, அப்போது திருவிதாங்கூரில் இருந்த நம் பகுதியிலும் பசியாற்றிய கிழங்கு அது. இன்றும் விலை மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் மரச்சீனியில் மாவுச்சத்துதான் நிறைந்திருக்கிறது, புரதம் மிகக் குறைவு. நம் ஊரில் அதை மீன்குழம்போடு சாப்பிட்டதால் அந்தக் குறை தெரியாமல் இருந்தது. மீனை விட்டவர்கள் அந்த இடத்தைத் தேங்காய்ச் சம்மந்தியால் (துவையலால்) மட்டும் நிரப்பாமல், பயறுக்கறியையோ காணத்துவையலையோ கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, தண்ணீர் தாராளமாக விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அதில் இயல்பாக உள்ள சயனைடு சார்ந்த நச்சுப் பொருளை நீக்கும் வழி அது என்பதால், அவசரத்திலும் இதைத் தவிர்க்கக் கூடாது. துண்டுகளாக்கி வெயிலில் உலர்த்தி வைத்தால் மழைக்காலத்துக்கும் உதவும்.

மீனை விட்ட பிறகும் மீன்குழம்பின் ருசிக்கு ஏங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த ருசியில் பெரும்பங்கு அரப்பில்தான், அதாவது குழம்புக்கு அரைக்கும் மசாலாவில்தான் இருக்கிறது. தேங்காய், மிளகாய் வற்றல், மல்லி, மஞ்சள், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஆகியவற்றை மைய அரைத்து, புளியும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, முருங்கைக்காயும் மாங்காயும் போட்டு இறக்கிப் பாருங்கள். தேங்காயெண்ணெய் மேலே ஒரு கரண்டி ஊற்ற மறக்க வேண்டாம். ஆகவே அரப்புக்கான சரக்கு எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். 2025இல் தேங்காய் விலை வெகுவாக ஏறியபோது பல வீடுகளில் தேங்காயைக் குறைக்க வேண்டி வந்தது. அத்தகைய சமயங்களில் துவையலுக்குப் பாதித் தேங்காயும் பாதி வறுத்த நிலக்கடலையும் சேர்க்கலாம். தீயலுக்கு மட்டும் அந்த மாற்றம் ஒத்துவராது; வறுத்த தேங்காயைக் குறைத்த தீயல் தீயலாக இருப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து.

அவியலில் தயிருக்குப் பதில் மாங்காயோ புளியோ சேர்க்கலாம். காலைத் தேநீருக்குப் பதில் கருப்பட்டியும் சுக்கும் போட்ட காப்பி போதும். பாயசத்துக்குத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் இருக்க, அண்டிப்பருப்பை (முந்திரிப்பருப்பை) தேங்காயெண்ணெயில் வறுத்துக்கொள்ளலாம். முழுப் பருப்பைவிட உடைந்த பருப்பு விலை குறைவு, பாயசத்துக்கு அதுவே தாராளம்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது என்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தமாக வாங்குவதில் எச்சரிக்கை வேண்டும். மாசி, பங்குனி வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகே டப்பாவில் அடைத்தால்தான் பயறு வண்டு விழாமல் இருக்கும். புளியும் அந்த மாதங்களில்தான் புதிதாக வருகிறது. கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து, பானையில் அழுத்தி வைத்தால் ஆண்டு முழுவதும் தாங்கும். கருப்பட்டி ஈரம் பட்டால் கசிந்துவிடும், எனவே அதை மழைக்காலத்தில் சிறிது சிறிதாகவே வாங்குகிறேன்.

இவ்வளவு இருந்தும், வைட்டமின் பி12 இந்த அலமாரியிலிருந்து கிடைக்காது. பயறோ கிழங்கோ கீரையோ அதைப் போதிய அளவில் தருவதில்லை. பாலையும் மீனையும் முழுமையாக விட்டவர்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண்களும் வயது முதிர்ந்தவர்களும், மருத்துவரிடம் கேட்டு அதற்கான மாத்திரையை எடுத்துக்கொள்ள வேண்டும். மாதப் பலசரக்குச் சீட்டை எழுதும்போது அந்த மாத்திரையின் பெயரையும் பயறுகளுக்குக் கீழே எழுதிக்கொண்டு போவது என் வழக்கம்.