இறங்க மறுத்த மேகசின்

எச்1பி விசாவில் இருந்தவரை எனக்குத் துப்பாக்கி வாங்கும் தகுதி இல்லை. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அந்த வழியில் போக மனம் வரவில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான், டெக்சாஸில் ஓர் ஏஆர்-15 ரைபிளை என் கையால் பாகம் பாகமாகப் பூட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு வழி பிறந்தது.

அமெரிக்கச் சட்டப்படி இந்த ரைபிளில் துப்பாக்கி என்று கணக்கில் வருவது குழல் அல்ல, லோயர் ரிசீவர் என்னும் அடிக்கூடு. வரிசை எண் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே உரிமம் பெற்ற கடைக்குப் போய், 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே அதை வாங்கினேன். விசையும் சுத்தியலும் ஸ்பிரிங்குகளும் அடங்கிய உதிரிப்பாகப் பை தபாலில் வந்து சேர்ந்தது.

அப்பா கோயம்புத்தூரில் பம்பு செட் பட்டறையில் ஃபிட்டர். "தானாகப் போய் உட்காராத சாமானைத் தட்டி உட்கார வைக்காதே, ஏன் உட்காரவில்லை என்று பார்" என்பார். அன்று மேசையில் உட்கார்ந்தபோது அந்தக் குரல்தான் காதில் இருந்தது. விசைக் காப்பு வளையத்தின் பின்னை (ஆணியை) அடிக்கும்போது, கூட்டின் மெல்லிய காதுகளுக்குக் கீழே மரக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். முட்டில்லாமல் அடித்தால் காது ஒடிந்துவிடும், கூடே வீணாகிவிடும். முன்பக்கப் பின்னுக்கான ஸ்பிரிங்கைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுப் பொருத்தினேன். அது இரண்டு முறை தெறித்தது, இரண்டு முறையும் பைக்குள்ளேயே விழுந்தது.

இவ்வளவு கவனமாகச் செய்தவன், தோட்டாப் பெட்டியான மேகசினைப் பற்றி நிறுத்தும் பிடியில் கோட்டைவிட்டேன். பிடி இடப்பக்கம், அதை விடுவிக்கும் பொத்தான் வலப்பக்கம், நடுவே ஒரு ஸ்பிரிங். பிடியின் மரைத்தண்டு பொத்தானுக்குள் சுற்றி ஏற வேண்டும். நன்றாக இறுகட்டும் என்று கூடுதலாகச் சுற்றிவிட்டேன். காலி மேகசினைச் செருகியதும் 'டக்' என்று மாட்டிக்கொண்டது, மகிழ்ந்தேன். பொத்தானை அழுத்தினேன், மேகசின் அசையவில்லை. கட்டைவிரல் சிவக்கும்வரை அழுத்தியும் பயனில்லை.

மேகசின்தான் கோணல் என்று முதலில் நினைத்தேன். அலுமினியத்தில் ஒன்று, பாலிமரில் ஒன்று என இரண்டும் சிக்கியபோதுதான் குற்றம் என் கைவேலையில் என்று புரிந்தது. பிடி அதிகம் ஏறிவிட்டதால் பொத்தான் உள்வாங்கி நின்றது, எவ்வளவு அழுத்தினாலும் பிடி மேகசினை விட்டு விலகும் அளவுக்கு நகரவில்லை. பிடியின் கை அதன் பள்ளத்தில் படிய வேண்டும் என்பதால் அரைச்சுற்று திருப்ப இயலாது, முழுச்சுற்றாகவே தளர்த்த வேண்டும். ஒன்று தளர்த்தினேன், போதவில்லை. இன்னொன்று தளர்த்தியதும் தண்டின் முனை பொத்தானின் முகத்தோடு மட்டமாக வந்து நின்றது. மட்டம் என்பது எத்தனை முக்கியமான சொல் என்பதைப் பட்டறைக்காரர் மகனான நான் அன்றுதான் விரலால் உணர்ந்தேன்.

பிறகு தோட்டா ஏதுமின்றி விசையையும் பாதுகாப்புச் சாவியையும் சோதித்தேன். மேல்பாகம் இல்லாதபோது சுத்தியலைத் தடையின்றி விட்டால் அது கூட்டில் மோதும், ஆகவே கட்டைவிரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

குழலும் போல்ட்டும் அடங்கிய மேல்பாகத்தை மாட்டிக்கொண்டு போன சுடுதளத்தில் இன்னொரு சிக்கல். 30 தோட்டாக்களும் நிறைந்த மேகசின், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் மூடியிருக்கையில் பூட்டிக்கொள்ள மறுத்தது. பக்கத்து மேசையில் இருந்த முதியவர், "28 மட்டும் போடுங்கள். செருகியதும் கீழே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்" என்றார். போட்டேன், இழுத்துப் பார்த்தேன், உறுதியாக நின்றது. கடைசித் தோட்டா சுட்டதும் போல்ட் பின்னால் நின்றுகொண்டது. பொத்தானை அழுத்தினேன். காலி மேகசின் நேராக என் இடது உள்ளங்கையில் வந்து விழுந்தது.